ஒரே பீலி

கந்தப்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை அவர். ஒல்லி உடம்பு, காதை மூடிய கம்பளித் தொப்பி. கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது மட்டும், கோயிலுக்குள் நுழைபவர்போல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

கொழுந்தின் நிறையைப் பதிய, தோட்டத்தின் மேற்பிரிவுக்கு ஒன்று, கீழ்ப்பிரிவுக்கு ஒன்று என இரண்டு ஜாவா செயலிகளை ஒரே சேர்வரில் ஓடவிட்ட மேதை நான். பிரிவின் பெயரை நினைவில் வைக்கும் 'கிளாஸ்' என்ற நிரல்துண்டை இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்கச் சோம்பல்பட்டு, பொது ஃபோல்டரில் போட்டுவிட்டேன். சேர்வர் அதை ஒரே தடவை ஏற்றி, இரண்டையும் பங்குபோட வைத்தது. மேற்பிரிவுப் பெண்கள் பறித்த கொழுந்தெல்லாம் கீழ்ப்பிரிவின் பெயரில் பதிவானது.

"எங்க கொழுந்த யாருக்குய்யா தூக்கிக் குடுத்தீங்க?" என்று அவர்கள் கணக்கப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் போய் இறங்கியதுமே, "என் வெரல்தான் சரியில்லைங்க சேர், எதையோ மாத்தி அமுக்கிருச்சு" என்றார் அவர்.

அந்தக் கிளாஸைச் செயலிக்கொரு பிரதியாக வைத்துச் சரிசெய்துவிட்டுச் சொன்னேன்: "தப்பு என்னோடதுங்க. ரெண்டு லயத்து வீடுகளுக்கும் தண்ணி புடிக்க ஒரே பீலி வச்ச மாதிரி செஞ்சிட்டேன்."

"இங்க ரெண்டு லயத்துக்கும் ஒரே பீலிதாங்களே சேர். ஒரு சண்டையும் இல்லையே!"

சிரித்தபடியே வாசலில் நின்ற பெண்களிடம் போனார். "பாத்தீங்களா புள்ளைங்களா, என்னயக் காப்பாத்த சேர் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு. என்னா மனசு!"

நான் மறுக்க மறுக்க, என் மனசு பெரிதாகிக்கொண்டே போனது. பை நிறையக் கரட்டும் லீக்ஸும் கொடுத்து வழியனுப்பினார்கள்.

அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் நான் நல்லவன். குற்றவாளி, பாவம், அவருடைய விரல்தான்.