நம் அண்ணன்மார் இன்றே விடுதலை

அந்த வெள்ளிக்கிழமை ஜட்கா வண்டியில் இருந்தவர்கள் மூன்றே பேர்: வண்டிக்காரர், என் தாய்மாமா, நான். குதிரையையும் என் மடியிலிருந்த ஜப்பான் டேப் ரெக்கார்டரையும் சேர்த்தால் ஐந்து. பிற்பாடு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அதில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வடமாலபேட்டை டூரிங் டாக்கீஸில் வெள்ளிதோறும் படம் மாறும். சுற்றுவட்டார ஊர்களில் மைக் வைத்து அதைச் சொல்வது மாமாவின் வேலை. முதலில் புதுப்படம், திருப்பதியில் ஓடித் தேய்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், ஆனால் எங்களுக்குப் புதுசு. அடுத்தது, அதற்கு முன்னால் காட்டும் பூனை-எலி பொம்மைப்படம். நடுநடுவே ஜப்பான் பாட்டு. டேப் ரெக்கார்டரோடு வந்த கேசட்டில் ஒரு பெண் நாலு பாட்டுப் பாடியிருந்தாள்; வாரம் ஒன்றாக மாமா போடுவார். நாற்று நடும் பெண்கள் அந்த மெட்டுக்கெல்லாம் தங்கள் வார்த்தைகளைப் போட்டுப் பாடுவார்கள். ஒரு பாட்டு முழுக்க மாமியாரைப் பற்றியது.

அந்த வாரம் மாமாவுக்குத் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. அதே வாரம் பார்த்துத்தான் டாக்கீஸ் முதலாளி, இன்று கொட்டகை நிறையாவிட்டால் மைக் வேலை புத்தூர்க்காரனுக்கு என்று சொல்லியிருந்தார். அந்த வேலையை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தார்கள். அஞ்சாவதோடு பள்ளியிலிருந்து நின்றுவிட்ட எனக்கு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் வேதபாடம் வாசிக்கும் குரல் ஒன்றுதான் சொத்து.

"நீயே சொல்லுமா. கோயில்ல படிக்கிறியே, அதே மாரி," என்றார் மாமா, காற்றாக.

மைக் ஷாக் அடிக்குமா, குதிரை மிரளுமா, போதகர் பார்த்துவிடுவாரா என்று நான் கவலைப்பட்டு முடிப்பதற்குள் ஏரிக்கரை ஊர் வந்துவிட்டது.

டாக்கீஸ்காரர்கள் கொடுத்த காகிதம் தெலுங்கில் இருந்தது; ஏரிக்கரை ஊரோ தமிழ் பேசுகிற ஊர். படத்தின் பேர் 'மன அன்னலு', கீழே 'நேடே விடுதல'. மாமாவாக இருந்தால், படத்தின் பேரைச் சொல்லி "இன்னிக்கு ரிலீசு" என்று முடித்திருப்பார். இங்கிலீஷில் சொல்லித் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். ரிலீசுக்கு நல்ல தமிழ் வார்த்தை வேதத்திலேயே இருந்தது: விடுதலை. பேரையும் தமிழாக்கினேன். ஜப்பான்காரி ஒரு சரணம் பாடி ஓய்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்:

"நம் அண்ணன்மார் இன்றே விடுதலை. இன்று மாலை ஆறரை மணிக்கு வடமாலபேட்டை டாக்கீஸில் காணலாம். குடும்பத்தோடு வாருங்கள்."

கம்பீரமாக இருக்கிறது என்று மாமா சைகை காட்டினார். மூன்று தெருவிலும் மும்மூன்று முறை சொன்னேன்.

மதகுத் தண்ணீர்ச் சண்டையில் அந்த ஊர் ஆண்கள் ஐந்து பேர் மூன்று மாதமாகச் சித்தூர் ஜெயிலில் இருந்தார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அது ஒரு சங்கதி, சினிமா வேறொரு சங்கதி என்று இருந்துவிட்டேன்.

பொழுது சாய, பம்பைச் சத்தம் கேட்டது. ஊரே வந்தது. ஆரத்தித் தட்டு, ஐந்து சாமந்தி மாலை, கிழவர்கள், கைக்குழந்தைகள். முதலாளி டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கை வலிக்கிறது என்றார். முன் வரிசை மணலில் உட்கார இடமில்லை. நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோது, தட்டோடு நின்ற ஒரு பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மே, எங்க புள்ளைங்கள எந்த வாசலு வழியா உடுறாங்க?"

"எந்தப் புள்ளைங்க, பெரிம்மா?"

"ஜெயில்ல கீறவங்க. நீதானே சொன்ன."

"அது சினிமா பேரு, பெரிம்மா. இன்னிக்குப் படம் ரிலீசு."

அது வாய்க்கு வாய் கொட்டகை முழுக்கப் பரவியது. மாமா என் முன்னால் வந்து நின்று கை கூப்பினார். மன்னிப்புக் கேட்கவும் அவருக்குக் குரல் இல்லை. அவரது முதுகுக்குப் பின்னால் நான் அறிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன்.

பெரியம்மா தட்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "அதான் பாத்தேன், சர்க்காரு எப்பம்மே ஜப்பான் பாட்டு போட்டு உட்டான்?" என்றாள். யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்தது, பிறகு எல்லோருக்கும். "வந்தது வந்துட்டோம், துட்டும் குடுத்துட்டோம். பூனைப் படத்தப் போடச் சொல்லு."

நாலு மாலைகள் மாமாவுக்கும் எனக்கும் வண்டிக்காரருக்கும் குதிரைக்கும் விழுந்தன. பூனையை எலி துரத்தத் துரத்தக் கொட்டகை அதிர்ந்தது. அப்படி ஒரு கூட்டத்தை அந்த டாக்கீஸ் அதற்கு முன் கண்டதில்லை. மைக் மாமாவிடமே இருந்தது. அதை விட முக்கியம், முதலாளி இனி நான்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாவது மாலை, புருஷன் ஜெயிலில் இருந்த ஒரு இளம்பெண்ணின் கையிலேயே இருந்தது. அவள் அதை யாருக்கும் போடவில்லை.

அடுத்த வெள்ளி ஏரிக்கரை ஊரில் புதுப்படத்தின் பேரைச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் வண்டியோடு கூடவே நடந்து வந்தாள்.

"போன வாரம் சொன்னியே, அத்த ஒரு தபா சொல்லேன்."

"அந்தப் படம் போயிட்ச்சிக்கா."

"தெரியும். சும்மா சொல்லு."

என் குரல் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எண்ணி, மைக்கை வாயருகே இழுத்து, கோயிலில் வாசிப்பதை விட நிறுத்தி நிதானமாக, நம் அண்ணன்மார் இன்றே விடுதலை என்று சொன்னேன். தெருக்கோடி வரை கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு முறை சொன்னேன்.