எடை மேடையில் மூன்று பேர்

லாரியின் முன்சக்கரம் மேடையைத் தொடுவதற்குள் தமிழ்ச்செல்வி பக்கத்தில் சீட்டைச் செருகிப் புத்தகத்தை மூடிவிடுவாள். கண் திரைக்குப் போகும். எண்கள் ஏறி, இறங்கி, ஒருமுறை நடுங்கி நிற்கும். "டிரைவரண்ணா, கீழ எறங்குங்க. கிளீனரும் எறங்கோணும்" என்பாள் மைக்கில். அச்சாகி வரும் சீட்டை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, விட்ட வரியில் மறுபடி நுழைவாள். அங்கே ஓர் இளவரசன் பாலத்தின் நடுவே உருவிய வாளோடு நிற்பான். ஒரு லோடு குச்சிக்கிழங்கு எடை போட்டு முடியும்வரை அவனும் எதிரியும் அப்படியே நிற்கத்தான் வேண்டும்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்த எடை மேடை. பத்துக்குப் பத்து அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காற்றைவிட அதிகமாகச் சத்தம் தரும் ஒரு ஃபேன். பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியில் அவள்தான். வயது நாற்பத்தாறு. கணவர் தங்கமுத்து ரிக் லாரியோடு வருடத்தில் எட்டு மாதம் வடக்கே போர்வெல் போடுகிறார்.

பக்கத்து ஊர் விவசாயிகளான நாங்கள் சோளம் ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் யாராவது ஒரு டிரைவர் ஜன்னலில் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

"சித்த பாத்துப் போடுங்க்கா. அம்பது கிலோ ஏத்திக் காட்டுனா மேடை என்ன ஒடஞ்சா போயிரும்?"

"அம்பது கிலோவ நீ தலைல தூக்கீட்டு வந்து நில்லு சாமி. தானா ஏறும்."

பத்துக் கிலோகூட நகர மாட்டாள். அந்த மேடைக்கு எண்ணே பத்துப் பத்தாகத்தான் தெரியும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதன் கணக்கில் தூசி. அச்சான சீட்டின் மேல் அவள் பேனா ஒருநாளும் பட்டதில்லை. "மெசினு சொல்றதுதான் எடை. நான் சொல்றதுக்கு என்ன இருக்குது?"

மந்திரக் கதைகள் அவளிடம் வந்தது ஒரு பழைய பேப்பர் லோடில். பேப்பர் மில்லுக்குப் போன லாரியிலிருந்து அட்டையில் டிராகன் படம் போட்ட தலையணை போன்ற புத்தகம் ஒன்று நழுவி மேடையில் விழுந்தது. "நீங்களே வெச்சுக்கங்க்கா" என்று டிரைவர் போய்விட்டார். மறுநாள் மாலைக்குள் நானூறு பக்கம் முடித்துவிட்டாள். அதன்பின் தபாலில் வரவழைக்க ஆரம்பித்தாள். கூடவே இரண்டு சிநேகிதிகளையும் இழுத்துப் போட்டாள். ஒருத்தி ரஞ்சனி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். மற்றவள் பிரபா, கோழிப்பண்ணையில் முட்டை எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், லாரிகள் குறைவாக வரும் நேரத்தில், மூவரும் அந்த அறைக்குள் முட்டி இடிக்க உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

தமிழ்ச்செல்விக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மேப் இருக்க வேண்டும். "எந்தூருல இருந்து எந்தூரு போறான்னு தெரியாம நான் எப்புடித் தொணைக்குப் போறது?" சேலத்தையும் திருச்செங்கோட்டையும் தாண்டாதவள், பனிமலைக்கும் கோட்டைக்கும் நடுவே உள்ள தூரத்தை விரலால் அளப்பாள். ரஞ்சனி கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். "கடைசீல யாரு உசுரோட இருக்கான்னு பாத்துக்கிட்டுத்தான் நான் பாசம் வெப்பேன்." பிரபாவுக்கு டிராகன்தான் உயிர். ஆனால் எதையும் சும்மா விடமாட்டாள்.

"கோழி முட்டைக்கே இருவத்தோரு நாளு கரெக்டா சூடு குடுக்கோணும். இவன் என்னடான்னா நூறு வருசம் ஐஸ் குகைக்குள்ள வெச்சிருந்தானாம், வெளிய எடுத்ததும் பொரிஞ்சிருச்சாம். கூமுட்டையாத்தான் போயிருக்கும்."

"மந்திரம் புள்ள அது!"

"மந்திரம்னா? முட்டை முட்டைதான?"

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதுப் புத்தகம் வந்த ஞாயிறன்று ஒவ்வொருத்தியாக மேடையின் நடுவில் போய் நிற்க வேண்டும். வண்டி எண் கேட்கும் கட்டத்தில் தமிழ்ச்செல்வி பெயரைத் தட்டிச் சீட்டு எடுப்பாள். அவள் நிற்கும்போது அந்தப் பொத்தானை ரஞ்சனி அழுத்துவாள். தன் முறை வரும்போது ரஞ்சனி செருப்பைக் கழற்றி வைப்பாள். அப்போதும் எண்பதுதான் காட்டும். படிக்கும்போது அந்தச் சீட்டுத்தான் அடையாளம். படித்து முடித்ததும், தனக்கு மிகவும் பிடித்த பக்கத்தில் சீட்டை விட்டுவிட வேண்டும். முதலில் படிப்பவள் தமிழ்ச்செல்வி, அடுத்து பிரபா, கடைசியில் ரஞ்சனி. ஏன் அந்தப் பக்கம் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை.

அலமாரியில் உள்ள புத்தகங்களைப் புரட்டினால் பிரபாவின் சீட்டுகள் தனியாகத் தெரியும். முதலில் எழுபது. இரண்டு வருடம் கழித்து அறுபது. போன வருடம் ஐம்பது. சர்க்கரை.

ஒன்பது கோட்டை நாடு என்றொரு தொடர்நாவல். அதன் இரண்டாம் பாகத்தைப் பிரபா திருப்பிக் கொடுத்தபோது அவளுடைய சீட்டு ஒரு வெற்றுப் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் பாகத்தில், பதிப்பகத்தின் பிற நூல்கள் என்று விளம்பரம் போட்ட பக்கத்தில். அன்று மாலையே தமிழ்ச்செல்வி பண்ணைக்குப் போனாள். பிரபா இரண்டு இரண்டு முட்டையாக எடுத்து மெல்லத் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் விட்டதை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தட்டுகளைப் பார்க்கவே இல்லை.

"எத்தன நாளா?"

"தையில இருந்து. நடுவால கருப்பு அடிக்குது புள்ள. எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊருது." சேலத்தில் கண் டாக்டர் ஊசி போட்டார், லேசரும் வைத்தார்; போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். "மாதேசுக்குத் தெரிஞ்சா ஊட்டப் பூட்டிப்போட்டு ஓசூருக்குக் கூட்டீட்டுப் போயிருவான். இந்த வேலை போயிரும், ஞாயித்துக்கெழமை போயிரும். ரஞ்சனி கிட்டச் சொல்லிராத."

ரஞ்சனியின் மகனும் பிரபாவின் மகன் மாதேஷும் ஓசூரில் ஒரே கம்பெனி. ரஞ்சனியின் வாயில் எதுவும் ஒரு பொழுதுக்கு மேல் தங்காது.

பத்துக் கிலோ நகர்த்தாதவள் சீட்டை நகர்த்தினாள். விளம்பரப் பக்கத்திலிருந்து எடுத்து, கிழ டிராகன் குட்டிக்கு இரை தேடப் போகும் இடத்தில் வைத்தாள். அடுத்து வந்த புத்தகங்களை இரண்டு பேருக்காகப் படித்தாள். தனக்காக ஒரு முறை, பிரபாவுக்கு எது பிடிக்கும் என்று தேடி ஒரு முறை. வேலை முடிந்து நடந்து போகும்போது போனில் கதை முழுவதையும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரபா முன்பைவிடச் சத்தமாகச் சண்டை போட்டாள். "அந்த மந்திரவாதி பண்ணுனது தப்புன்னு சொல்றியா? நீ கடைசிப் பக்கத்தப் படிச்சுப்போட்டுப் பேசறவ. முழுசாப் படிச்சவளுக்குத்தான் தெரியும்" என்று ஒருநாள் ரஞ்சனியை மடக்கினாள். ரஞ்சனி தோற்று, முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆவணியில் ஒரு மாலை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பிரபா சாக்கடைப் பள்ளத்தில் கால் வைத்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் வெளியே வந்தது.

மாதேஷ் ஒன்றும் கத்தவில்லை. கத்தியவள் ரஞ்சனி. மேடையில் லாரி நிற்கும்போதே வந்து கத்தினாள்.

"இத்தன மாசமா உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்ற கிட்டயே சீட்ட மாத்தி மாத்தி வெச்சு வெளையாடுனீங்களா? நான் என்ன மூணாம் மனுசியா? பள்ளத்துல உளுந்தது லாரிக்கு அடீல உளுந்திருந்தா என்ன பண்ணீருப்ப?"

  லாரிக்காரர் காத்திருந்தார். தமிழ்ச்செல்வி சீட்டை எடுத்து நீட்டினாள்.

பிரபா ஊரைவிட்டுப் போன அன்று கார் மேடைக்குப் பக்கத்தில் நின்றது. அவள் இறங்கவில்லை. கட்டுப் போட்ட கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, "காரோட ஏறி நிக்கட்டுமா? எத்தன இருக்கேன்னு பாரு" என்றாள். "நேரமாச்சும்மா" என்றான் மாதேஷ். கார் நகர்ந்துவிட்டது.

முதலில் தினமும் பேசினார்கள். "சாப்பாடு நெம்ப நல்லாருக்குது புள்ள. மருமவ தட்டுல போட்டுக் கைக்கே கொண்டாந்து குடுத்துருது. ஒரு வேலையும் இல்ல. ஒடம்பு ஏறியிருக்கும்." ஒருநாள் தமிழ்ச்செல்வி புதுக் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். பிரபா கொஞ்ச நேரம் கேட்டாள். "கத வேண்டாம் புள்ள. கேட்டாப் படிக்கோணும்னு தோணுது" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு, மழை, மாத்திரை. வாரத்துக்கு ஒரு முறை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சோள டிராக்டரோடு போயிருந்தேன். ஒன்பது கோட்டை நாடு நான்காம் பாகம் மேஜையில் இருந்தது. ரஞ்சனியும் வந்திருந்தாள். சண்டைக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.  ரஞ்சனி கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"கெழ டிராகனு?" என்று தமிழ்ச்செல்வி கேட்டாள்.

"சொல்ல மாட்டேன்."

எங்கள் டிராக்டர் இறங்கியதும் ரஞ்சனி செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்குப் போனாள். எண்பது. பிறகு தமிழ்ச்செல்வி. எழுபது. இரண்டு சீட்டும் வந்தன.

"அவளுக்கு?" என்றாள் ரஞ்சனி, மேடையைப் பார்த்துக்கொண்டே.

தமிழ்ச்செல்வி கட்டத்தில் பிரபா என்று தட்டினாள். மேடையில் எங்கள் மூட்டையிலிருந்து சிந்திய நாலு சோளத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பொத்தானை அழுத்தினாள். பெயர், தேதி, நேரம், எதிரே பூஜ்யம் போட்டு ஒரு சீட்டு வந்தது.

 மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு பேனா எடுத்தாள். அது எழுதவில்லை. உள்ளங்கையில் நாலு தரம் கிறுக்கி மை வரவைத்தாள். பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் அறுபது என்று எழுதினாள்.