சாலம்மாளும் சோப்பு அச்சும்

"சாலம்மாளுக்கு மெஷினு வேல கெடச்சதும் தலைக்கனம் ஏறிப்போச்சி. கூப்ட்டா திரும்பறதே இல்ல."

எங்க கள்ளக்குறிச்சி ரைஸ்மில்லு முழுக்க இதான் பேச்சி. மூட்ட தூக்கற நானும் நாலு பேருகிட்ட ஊதி வுட்டவன்தான். ஆனா நடந்தது வேற, கேளுங்க.

அரிசி மூட்ட புடிக்கிற மெஷினு கம்ப்ரசர் காத்துல ஓடுது. பையக் கவ்வுற தாடை தொறக்கறப்போல்லாம் பின்னாடி ஓட்டையில காத்து வெடி மாதிரி பீச்சும். பக்கத்துலயே சாலம்மாக்கா நிக்கணும். எடது காது போச்சி. இப்டியே நின்னா மத்ததும் போயிடும்னுட்டாரு டாக்டரு. வெளிய சொன்னா மெஷின வுட்டு எறக்கிடுவாங்கன்னு அக்கா வாயே தொறக்கல. அந்த ஓட்டையில மாட்டி சத்தத்தக் கொறைக்கற சைலன்சர் வாங்க, உளுந்தூர்பேட்டைக்கு என்னையும் இட்டுகினு போறப்போ, பஸ்ஸுலதான் சொல்லுச்சி.

அளவுக்கு இன்னா பண்ணுச்சி தெரியுமா? அந்த ஓட்டையில துணி சோப்ப அமுத்தி அச்சு எடுத்துகினு வந்துச்சி. வெயில்ல சோப்பு கொழஞ்சி போச்சி.

கடக்காரரு முழிச்சாரு. "மரை கால் இஞ்சா, அரைக்காலா? பித்தளையா, பிளாஸ்டிக்கா? காத்து எவ்ளோ போவும்?"

"சுண்டு வெரலு நுனி லேசா நொழையுங்க"ன்னுச்சி அக்கா.

"அப்ப கால் இஞ்சு."

"சத்தமே வராததா குடுங்க."

பொடி ஓட்ட வெச்ச பித்தள ஒண்ணு குடுத்தாரு. மில்லுக்கு வந்து மாட்டுனோம். சத்தமே இல்ல. ஆனா காத்து வெளிய போவாம உள்ளயே முட்டிகினு, தாடை தொறக்கவே மாட்டேங்குது. மூட்ட தொங்குது.

சூப்பர்வைசர் நாராயணசாமி கத்துனாரு. "மூட்ட எறங்கறதுக்குள்ள பொங்கலே வந்துடும்! நாளைக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா பழையபடி தொடப்பத்த எடு!"

மறுநாள் காலையில மறுபடி அந்தக் கடைக்கு ஓடுனோம். இந்த வாட்டி பெருசு, ஓட்டயும் பெருசு. லேசா 'புஸ்ஸு'ங்குது. தாடை டக்குன்னு தொறக்குது. சத்தத்தக் கொறைக்கணும்னா கொஞ்சம் சத்தம் வர்றதத்தான் வாங்கணுமாம். எனக்கு இன்னிக்கி வரைக்கும் வெளங்கல. அக்காவுக்கும்தான்.

சாயங்காலம் டீக்கடையில, எங்ககூட மூட்ட தூக்கற பழனி, "இன்னாக்கா, தலைக்கனம் எறங்கிச்சா?"ன்னான்.

அக்கா கிளாஸ வெச்சிது. "தலைக்கனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா. எடது காது செவுடு. கூப்புடணும்னா இந்தப் பக்கம் வந்து கூப்புடு."