சாய்கிற பக்கம்

இந்த மலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போடுகிறார்கள். ஜிப் முதுகுப் பக்கம் திறந்து கிடக்க, நெஞ்சை முழுசாக மூடிக்கொண்டு போகிறார்கள். கடல் கடந்து மலாய் நாட்டு ரிங்லெட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் என் கணவர் செல்வம் அப்படிக் கிளம்பியதைப் பார்த்து, "அவசரத்துல மாத்திப் போட்டுட்டீங்க" என்று மெதுவாகச் சொன்னேன். யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிட வேண்டுமே என்ற பதற்றம் எனக்கு. "இங்க எல்லாரும் இப்படித்தான் லா. நெஞ்சுல காத்து அடிச்சா தூரம் ஓட்ட முடியாது" என்றார். தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிற மனிதர், அதிகம் பேசமாட்டார்.

காற்றைப் பற்றி எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் முறைத்துக்கொண்டேன். நான் ஆரல்வாய்மொழிக்காரி. ஆடி மாதத்தில் எங்கள் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பது அங்கே காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அது ஒரே பக்கமிருந்து, விடாமல் வரும். தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் காற்று வரும் பக்கமாகச் சாய்ந்துகொள்வேன். இறங்கும்வரை அதே சாய்வுதான்.

எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவளை ஈப்போ ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். பிழைப்பாளா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. தாய்ப்பால் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். "பச்ச ஒடம்போட மோட்டர்ல போவியா? அவன் கொண்டு போய்க் குடுக்கட்டும்" என்று மாமியார் தடுத்தார். "நான் பாக்கணும் அத்தை" என்றேன். பால் பாட்டில்களை ஐஸ் பையில் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டேன்.

பிரிஞ்சாங் தாண்டி ஈப்போவுக்கு இறங்கும் பாதையில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளத்தாக்கு. மலை விலகிய இடத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. பழக்கத்தில் அதை நோக்கிச் சாய்ந்தேன். அடுத்த வளைவில் மலை வந்து மறைத்ததும் காற்று சட்டென்று நின்றுவிட்டது. நான் மட்டும் சாய்ந்தபடி இருந்தேன். மோட்டார் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓட, காய்கறி லோரி ஒன்று ஹார்ன் அடித்தபடி உரசிக்கொண்டு போனது. செல்வம் எப்படியோ ஓரத்தில் நிறுத்தினார். பை நழுவி விழுந்திருந்தது. பால் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் திட்டவில்லை. பையை எடுத்துக் கையில் கொடுத்தார். "இங்க காத்து வரும், உடனே நின்னுரும். அது கூட சாயாத. என் முதுகு எங்க போவுதோ அங்க வா, போதும்." மீதி வழி முழுவதும் அவர் ஜாக்கெட்டின் இரண்டு ஓரங்களையும் முதுகில் சேர்த்துப் பிடித்தபடி அழுதுகொண்டே போனேன்.

வார்டில் மலாய் நர்ஸ் ஒருவர் என் கலைந்த தலையையும் காலியான பையையும் பார்த்து ஏதோ வேகமாகச் சொன்னார். பால் சிந்தியதற்குத் திட்டுகிறார் என்று நினைத்துத் தலை குனிந்தேன். அவரோ என் இரண்டு காதிலும் பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, குழந்தையின் பெட்டிக்கருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். "பிள்ள பெத்தவ காதுல காத்து போகக் கூடாதாம்" என்றார் செல்வம். காலையில்தான் அம்மா போனில் இதையே சொல்லியிருந்தாள். அங்கே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிக் கொடுத்தேன். சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே இறங்கியது. மகளின் வாய் அசைந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். போன ஆடியில் ஊருக்கு அழைத்துப் போனேன். தம்பியின் பைக் கணவாயில் நுழைந்ததும் தள்ளாடியது. "எக்கா, காத்துப் பக்கம் சாய மாட்டியா? விருந்தாளி மாதிரி நேரா இருக்கியே" என்றான்.

இப்போதும் மூவரும் ஈப்போவுக்குப் போகிறோம். பள்ளத்தாக்குக் காற்று அறையும்போது என் உடம்பு அதை நோக்கிச் சாயத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. எனக்கும் செல்வத்துக்கும் நடுவில் மகள் உட்கார்ந்திருப்பாள், ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டு. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்பாவின் முதுகு போகிற பக்கமெல்லாம் அவளும் போகிறாள்.