டோபிக் கடையில் சாத்திய கதவு

கூரையில் காத்தாடி இருந்தது. சுற்றத்தான் விடமாட்டார்கள். காஜா பெராங்கில் நான் வேலை பார்த்த டோபிக் கடையில் அதுதான் சட்டம். கரி போட்ட இஸ்திரிப் பெட்டிகள் நான்கு. காற்று அசைந்தால் அவற்றின் துளைகளிலிருந்து சாம்பல் பறந்து வெள்ளைத் துணியில் உட்காரும். அதனால் முதலாளிக்குக் காற்று என்றாலே பகை. எங்களுக்கு வியர்த்து ஊற்றியது, தலை கனத்தது, பட்டப்பகலில் கண் சொருகியது. அதெல்லாம் சோம்பேறித்தனம் என்று அவர் சொல்ல, நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வாரம் அது. அணிவகுப்புக்கான வெள்ளை உடுப்புகள் வந்து குவிந்தன. முதலாளி ஜன்னல்களை அடைத்தார். கதவடியில் ஈரச் சாக்கைத் திணிக்கச் சொன்னார். திணித்தது நான்தான். மூச்சு முட்டுகிறது என்றதற்கு ஒரு கைப்பிடி ஊதுபத்தியைக் கொளுத்திவைத்து, "வாசமாத்தானே இருக்கு? அப்புறம் என்னா லா?" என்றார். வாசம் நன்றாக இருந்தால் காற்றும் நன்றாக இருப்பதாக நினைத்த மடையர்கள் நாங்கள். மூடிய அறையில் கரி கக்கும் நச்சுக்கு மணமே கிடையாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

பக்கத்து மேசைக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். உறவில்லை, பழக்கம்தான். தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வருவார். அன்று பிற்பகல், பெட்டியைப் பத்திரமாகத் தாங்கியில் வைத்த கையோடு அப்படியே சரிந்தார். நான் சாக்கை எட்டி உதைத்துக் கதவைத் திறந்து, அவரைக் கொல்லைப்புறம் இழுத்துப் போட்டேன். மருந்தா மாயமா, வெறும் காற்றுதான். அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. ஓடிவந்த முதலாளி மாமாவைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய் உடுப்புகளைப் புரட்டிப் பார்த்தார்.

கண் விழித்ததும் மாமா கேட்டது இதைத்தான்: "கதவ ஏன்டா தொறந்து வெச்சிருக்க? சாம்பல் பறக்குமில்ல."

முதலாளி மீதுள்ள கோபம் எனக்குப் பழகிவிட்டது. மாமா மீதுள்ளது பழகவில்லை. சாகக் கிடந்த மனிதர் எவனோ ஒருவனின் சட்டைக்காகக் கவலைப்பட்டாரே என்று இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது என் வீட்டில் மழை பெய்தாலும் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். சாத்தப் போகும் பேரப்பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். காரணம் சொன்னதில்லை. சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டும்.

அன்று மாமாவைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தேன். இன்னும் முப்பது உடுப்பு பாக்கி இருந்தது. உள்ளே போனேன். கதவைச் சாத்தி, சாக்கை மறுபடியும் திணித்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.