ஸ்டெல்லா பார்க்காமல் போன இறகு அந்துப்பூச்சி

திங்கட்கிழமை காலை ஒடுகத்தூரில் கம்பெனி பஸ் நின்றபோது ஸ்டெல்லா ஏறவில்லை. அவள் கொழுந்தனார் படிக்கட்டருகே வந்து, "அண்ணி ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வேலூர் போற வழியிலயே போய்ட்டாங்க" என்றார். நானும் அவளும் ஷூ கம்பெனியில் ஒரே மேசையில் தோலில் குறை பார்த்து ஒதுக்குபவர்கள். பக்கத்து இருக்கையில் அவளுக்காகப் போட்டிருந்த பையை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

தோழிகளே, ஆம்பூரில் நம்மோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அவள் கண்ணைத் தெரியும். தோலில் உண்ணி கடித்த தழும்பைக்கூட விடமாட்டாள்; வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் பழுப்புத் தோலில் தெரிந்த மெல்லிய கீறலைச் சுற்றி வட்டம் போட்டாள். கீறல் எழுந்து பறந்தது. நாமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். "சிரிக்காதீங்கடி, அது இன்னான்னு பாக்கணும்" என்று ஜன்னல்வரை அதன் பின்னால் ஓடினாள்.

அது இறகு அந்துப்பூச்சி என்று பிறகு தேடிப் படித்துவந்து சொன்னாள். உட்காரும்போது சிறகுகளைக் குச்சியாய்ச் சுருட்டி இருபுறமும் நீட்டிக்கொள்ளும். விரித்தால் பின்சிறகு இறகு இறகாகப் பிரிந்திருக்கும். பல வகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்குமாம். புழு தின்னும் செடி தெரிந்தால் அடையாளம் காண்பது சுலபமாம். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் செடி செடியாய்ப் புழு தேட என்னையும் இழுத்துக்கொண்டு போவாள்; எனக்கு ஏது நிம்மதி? ஒரு வழியாக, கேன்டீன் சுவரோரம் மூக்கிரட்டைக் கொடியில் மொட்டைத் தின்றுகொண்டிருந்த பச்சைப் புழுவைப் பிடித்தாள். "இதான்டி வசந்தி. ஆனா பூச்சியா வர்றத என் கண்ணால பாத்தாதான் நம்புவேன்" என்றாள்.

டிபன் டப்பாவில் வளர்த்தோம். புழு கூடு எதுவும் கட்டாமல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. போன சனிக்கிழமை, மறுநாள் அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகணும் என்று டப்பாவை என்னிடம் கொடுத்தாள். "நான் வர்ற வரைக்கும் பறக்க உட்ராதடி."

செவ்வாய்க்கிழமை, அவள் அடக்கத்தன்று காலையில் என் கண்ணெதிரே பூச்சி வெளியே வந்தது. அதே பழுப்பு, அதே குச்சிச் சிறகு. டப்பாவை ஒடுகத்தூருக்கு எடுத்துப் போனேன். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் டப்பாவை அவள் முகத்தருகே லேசாகத் திறந்து, "நீ சொன்னதுதான்டி, பாரு" என்றேன். அந்தக் கண்கள் திறக்கவில்லை. அவள் நாள் தவறாமல் ஜெபித்த ஆண்டவர் இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கல்லறைத் தோட்டத்து வேலியருகே பூச்சியைப் பறக்கவிட்டேன். தோழிகளே, ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவள் பார்க்க ஏங்கிய அந்தக் காட்சிதான். அவள் பார்க்க வேண்டியதை நான் பார்த்துவிட்டேன். அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?