மதகைத் தாண்டி வந்தவள்

குவைத்தில் சண்டை மூண்ட வருஷம், எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் பாதியில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். பூர்வீகம் முத்துப்பேட்டை, பிறந்து வளர்ந்ததெல்லாம் குவைத். போட்டது போட்டபடி கிடக்க ஓடி வந்த குடும்பம், அவள் சித்தப்பாவின் ஜவுளிக்கடை இருந்த எங்கள் ஊரில் தங்கியது. அவளுக்கு அரபியில் திட்டத் தெரியும், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கத் தெரியும். நாற்று எது, புல் எது என்றுதான் தெரியாது. முதல் நாள் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பார்க்கை யாருடி பாத்துக்கிறா?" என்றாள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தோம்.

அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என் பெஞ்சில் எப்போதும் இடம் காலியாக இருக்கும். ஏன் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்குப் பையை வைத்துவிட்டு என் ஜாமெட்ரி பாக்ஸைக் குடைய ஆரம்பித்தாள்.

வரலாற்று டீச்சர் தஞ்சாவூரில் பி.எட். முடித்த சூட்டோடு வந்தவர். நல்ல மனுஷிதான். "எல்லாரும் சமம்னு பரீட்சையில எழுதுனா போதாது. ஒருத்தர் கதைய ஒருத்தர் கேக்கணும்" என்று சொல்லி ஒரு வேலை கொடுத்தார். பெஞ்சுத் தோழியின் வீட்டுக்குப் போக வேண்டும், பேச வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து, அந்த வீடு தன் வீடு மாதிரி, தோழியின் கதையை 'நான்' என்றே சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

இவள் விடவில்லை. "வீட்டுக்குப் போன்னுதானே சொன்னாங்க? சனிக்கிழமை வர்றேன்" என்றாள்.

எங்கள் வீடு காலனியில். தாத்தா காலத்தில் பண்ணையாட்கள், அப்பா காலத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு எங்களிடம் வேலை இருந்தால் தெருமுனை வாய்க்கால் மதகில் நின்று குரல் கொடுப்பார்கள், நாங்கள் வெளியே ஓடி வருவோம். தெருவுக்குள் யாரும் கால் வைத்ததில்லை. என் அம்மாவின் கைப்பக்குவமும் அந்தத் தெருவோடு சரி. வெளியாள் ஒருவர் தன் குழம்பைச் சாப்பிட்டு 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கிறுக்கு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். யாராவது சொந்தக்காரர் சாப்பிட்டுப் பாராட்டினால், "நீங்க சொல்லாம யாரு சொல்லுவா" என்று உதட்டைப் பிதுக்குவாள்.

சனிக்கிழமை சொன்னபடி வந்தாள். மதகுக்கு எதிரே டீக்கடைக்காரர், "பாப்பா, அங்கயே நின்னு கூப்பிடு, வருவாங்க" என்று கத்தியிருக்கிறார். "ஏன், வீடு உள்ளதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு நேராக உள்ளே நடந்து வந்துவிட்டாள்.

அம்மா கரண்டியோடு நின்றாள். "ஏய், ஓடிப்போய்க் கலர் வாங்கிட்டு வாடி!" வெளியாள் வந்தால் எங்களுக்கு அதுதான் வழக்கம். எங்கள் கை படாத சோடா பாட்டில். அவர்கள் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து கொடுக்க வேண்டும்.

"கலரெல்லாம் வேணாம் ஆன்ட்டி. அது என்ன வாசனை?"

"மீன் கொழம்பு. அது ஒனக்கு ஒத்துக்காது கண்ணு."

"ஏன், காரமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். சனியனே, ஏதாவது சொல்லேன் என்ற பார்வை. நான் எதற்கு விடப்போகிறேன்? "காரமே இல்லடி, உக்காரு" என்று தட்டை எடுத்துப் போட்டேன்.

வாய்க்கால் கெண்டை, உடம்பெல்லாம் முள். அவளுக்கு ஆயத் தெரியவில்லை. அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை எடுத்து எடுத்து வைத்தாள். போட்ட சோறு போதாமல் சட்டியையே எட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. அவங்க வைக்கிறத விட இதுதான் நல்லாருக்கு."

அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "சனியன் புடிச்ச அடுப்பு, ஒரே பொகை" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை முதலில் நான். "நான் குவைத்துல பொறந்தேன். எனக்கு மூணு பாஷை தெரியும். வயலுக்கும் பார்க்குக்கும் வித்தியாசம் தெரியாது." வகுப்பே உருண்டது. அவளும் சிரித்துவிட்டு எழுந்தாள்.

"நான் காலனியில இருக்கேன். எங்க தெருவுக்குள்ள யாரும் வர மாட்டாங்க, மதகுல நின்னு கூப்பிடுவாங்க. ஏன்னு கேட்டா எங்கம்மா பதில் சொல்ல மாட்டேங்குறாங்க. ஆனா எங்கம்மா மாதிரி மீன் கொழம்பு யாராலயும் வைக்க முடியாது. வராதவங்களுக்குத்தான் நஷ்டம்." ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவள் உட்காரப் போனவள், நின்று, "நீங்க போயிருக்கீங்களா டீச்சர்?" என்றாள்.

டீச்சர் ஒன்றும் எழுதாத போர்டை அழித்தார். "இந்த ஞாயித்துக்கிழமை வர்றேன்மா" என்றார்.

வந்தார். மதகு வரை. அங்கே நின்று, "யம்மா, யாரு வீட்ல?" என்று குரல் கொடுத்தார். அம்மா பழக்கதோஷத்தில் ஓடப் பார்த்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் டீச்சர்! நீங்களே உள்ள வாங்க!" என்று கத்தினேன். டீச்சர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த குவைத்துக்காரி, "கொழம்பு ஊத்தட்டுமா டீச்சர்?" என்றாள்.

"வேணாம்மா. வயிறு சரியில்ல."

எங்களுக்கு இந்த வயிற்றுவலி தெரியும். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டு வாசலில் வருகிற வலிதான். அவள் பாவம், நம்பிவிட்டாள். "வயிறா? அப்ப மோர்தான் நல்லது!" என்று எழுந்து, அம்மா தடுப்பதற்குள் எங்கள் டம்ளரில் மோரை ஊற்றி டீச்சர் கையில் திணித்துவிட்டாள்.

டீச்சர் டம்ளரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, டம்ளரை ஒரு முழம் உயரத்தில் பிடித்து ஊற்றினார். குறி தவறிப் பாதி மோர் புடவையில் கொட்டியது.

அம்மா துண்டை நீட்டினாள். ஆயுசுக்கும் கலர் வாங்கிக் கொடுத்தே பழகியவள், சிரிக்காமல் கொள்ளாமல் சொன்னாள்: "சும்மா வாய வச்சுக் குடிங்க டீச்சர். நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

டீச்சர் வாய் வைத்துக் குடித்து முடித்தார். அப்புறம், குழம்பு என்ன மீன் என்று கேட்டார்.